தாழ்வாரத்தை மறந்த பிளான்

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மழை மேற்கேயிருந்து வந்தது. அதற்கு முன்னும் தினம் ஒரு மழை உண்டு. அதெல்லாம் நெட்டுக்குத்தாக விழுந்து அரைமணியில் ஓய்ந்துவிடும். அன்றைக்குப் பர்மாப் பக்கத்து மலையிலிருந்து காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பி வழியே சாரல் ஐந்தடி உள்ளே வரைக்கும் அடித்தது. முந்தின நாள்தான் பெயிண்ட் காய்ந்திருந்த சுவர். வாசலில் பிள்ளைகள் கழற்றி வைத்திருந்த இருபத்திரண்டு ஜோடி ரப்பர் செருப்பும் மிதந்து கொடிக்கம்பம் வரைக்கும் போயின. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம், செருப்பைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். நான் உள்ளே நின்று கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தாண்டி இரண்டடி. அவ்வளவுதான் விட்டிருந்தேன்.

தாய்லாந்து எல்லையில், பர்மாப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஓர் இல்லத்துக்கு நாங்கள் கட்டிக் கொடுத்த தூங்கும் கூடம் அது. பிளான் என்னுடையது. சிங்கப்பூரில் சாப்பாட்டு மேஜையில் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஆட்டோகேடில் வரைந்தது. 36 அடிக்கு 18 அடி, ஹாலோ பிளாக் சுவர், மேலே தகர ஷீட், நடுவில் ஒரு தடுப்பு, இந்தப் பக்கம் பெண்பிள்ளைகள், அந்தப் பக்கம் பையன்கள். இரண்டடுக்குக் கட்டில் பன்னிரண்டு. கட்டிக் கொடுக்கப் போன எங்கள் குழுவில் பதினான்கு பேர். அதில் சிவில் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. "அக்கா இருக்காங்க, பார்த்துப்பாங்க" என்றார்கள்.

இது 2013 ஜூன். சுமத்ராவில் காடு எரிந்த புகையில் சிங்கப்பூரே மூழ்கிக் கிடந்த மாதம். ஜூன் 21 அன்று காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. விடுமுறையில் எங்களோடு வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர், நல்லவேளை பிள்ளைகள் இங்கே இல்லை என்று சந்தோஷப்பட்டார்கள். நாங்கள் பாங்காக் இறங்கி, ராத்திரி பஸ் பிடித்து, விடியற்காலையில் மே சாட் போய்ச் சேர்ந்திருந்தோம். தாய்லாந்தின் தாக் மாகாணத்தில், மோய் ஆற்றங்கரையில் இருக்கிற எல்லை ஊர். ஆற்றுக்கு அக்கரை பர்மா. கோடையில் முட்டளவுத் தண்ணீரில் நடந்தே வந்துவிடலாம் என்கிற மாதிரியான எல்லை.

ஊருக்குப் போன் போட்டபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "பர்மாவுக்கா போற? உங்க ஐயா அங்கேருந்து நடந்தே தப்பிச்சு வந்தவரு, தெரியும்ல?" காரைக்குடிப் பக்கத்தில் பாதி வீட்டில் பர்மாத் தேக்கு இருக்கும், பாதி வீட்டில் பர்மாக் கதை இருக்கும். எங்கள் வீட்டில் தேக்கு கிடையாது. "பர்மா இல்லம்மா, இந்தப் பக்கம் தாய்லாந்து" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான். தண்ணியக் காய்ச்சிக் குடி" என்று வைத்துவிட்டாள்.

அந்த இல்லம் மே சாட்டிலிருந்து வடக்கே 105-ஆம் நம்பர் ரோட்டில் இருந்தது. அதே ரோட்டில் இன்னும் போனால் மே லா அகதி முகாம். சுண்ணாம்புப் பாறை மலையின் காலடியில், சரிவு முழுக்க மூங்கிலும் இலையுமாக வீடுகள். 1984-லிருந்து இருக்கிறது. பர்மாவின் சிறுபான்மை இனமான கரேன் மக்கள் அந்த நாட்டு அரசுக்கு எதிராக ஆயுதப் போராட்டம் தொடங்கியது 1949-ல். சிமெண்ட் கலக்கப் போன எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்றால், பஸ்ஸில் கொடுத்த இரண்டு பக்கக் காகிதத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

இல்லத்தை நடத்தியவர் ஒரு கரேன் டீச்சர். கரேனில் டீச்சரம்மாவைத் 'தராமு' என்பார்கள். பிள்ளைகளுக்கு அவர் தராமு, எங்களுக்கும் தராமு. கொத்து வேலைக்கு ஐம்பது வயது தாண்டிய மேஸ்திரி ஒருவர், கூட நாலு ஆள். நாங்கள் போகிறதுக்கு முன்பே அஸ்திவாரம், தரைமட்டம், தூண் எல்லாம் முடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பிளாக் அடுக்குவதும் பூசுவதும் பெயிண்ட் அடிப்பதும் எங்களுக்கென்று ஒதுக்கிய வேலை. கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகளை உப்பு வைக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி.

முதல் நாள் பிளானை விரித்துக் காட்டியதும் மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். பிறகு மொழிபெயர்க்கும் பையனிடம் ஏதோ சொன்னார். பையன் சொன்னான்: "மழை எந்தப் பக்கமிருந்து வரும்னு தராமுக்குத் தெரியுமான்னு கேக்குறாரு." படித்த பெண் என்பதால் அவருக்கு நானும் தராமுதான். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "மேலேருந்துதான்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருஷத்தில் நிறைய தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஏன் சொல்லவில்லை? சொல்லித்தான் இருந்தார். காசு கொண்டு வருகிறவர்களிடம் அதற்கு மேல் எப்படிச் சொல்வது? நானே சிங்கப்பூரில் கிளையண்ட்டிடம் எத்தனை தடவை அப்படிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் தாழ்வாரத்திலேயே வளர்ந்தவள். எங்கள் ஓட்டு வீட்டில் சுவர் நனைந்து நான் பார்த்ததில்லை. கைமரம் நாலடி வெளியே நீண்டு, தாழ்வாரம் இறங்கி, மழை நாளில் அதன் ஓரத்தில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்த வீடு. அதில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, நாலு வருஷம் காலேஜ் போனதும் மறந்துபோனேன். கூரை விளிம்பை நீட்டினால் ஷீட் கூடுதலாகும், செலவு கூடும் என்று இரண்டடியில் நிறுத்தினேன். கூடியிருந்தால் என்ன, பெயிண்ட் செலவை விடக் கம்மிதான்.

கட்டில் கதை இன்னும் மோசம். பிள்ளைக்கு ஒரு கட்டில், அவனவனுக்கு ஒரு சின்னப் பெட்டி என்று நன்றாக யோசித்துத்தான் வரைந்தேன். முதல் ராத்திரி எல்லாரும் ஏறிப் படுத்தார்கள், நாங்கள் படம் எடுத்தோம். இரண்டாம் ராத்திரி, டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் கட்டில் மேலெல்லாம் துணிமூட்டையும் ஸ்கூல் பையும். பையன்கள் அத்தனை பேரும் கீழே, ஒரே மூலையில், பாய் விரித்து ஒருத்தன் மேல் ஒருத்தன் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். மேல் தட்டுக்கும் தகரத்துக்கும் மூன்றடிதான் இடைவெளி, வெக்கை தாங்காது என்பது ஒன்று. இன்னொன்று, ராத்திரியில் தனியாகப் படுக்க அவர்களுக்கு முடியாது. காரணம் கேட்டதற்குத் தராமு, "சின்னவர்கள் பயப்படுவார்கள்" என்று மட்டும் சொன்னார். ஜன்னலை நான் மூன்றரை அடி உயரத்தில் வைத்திருந்தேன். தரையில் படுத்தவனுக்குக் காற்றும் வராது, வெளியே யார் என்று தெரியவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. எங்கள் பேனரில் 'அனாதை இல்லம்' என்று பெரிய ஆங்கில எழுத்தில். எல்லாரும் நிற்கிறோம், ஃபோட்டோ எடுக்கப் போகிறோம். ஒரு பெண் வேகமாக வந்து ஒரு பையனின் தலையைத் தடவினாள், பிளாஸ்டிக் பையிலிருந்து எதையோ பொரித்ததை எடுத்து அவன் வாயில் ஊட்டினாள். அவளையும் படத்துக்கு நிற்கச் சொன்னோம். அவன் தோளில் கைபோட்டு நின்றாள். எங்கள் தம்பி ஒருத்தன் மொழிபெயர்ப்புப் பையனிடம் கேட்டான், "யாரு இவங்க?"

"அவனோட அம்மா. மே சாட்ல கார்மென்ட் ஃபேக்டரி. ஞாயிறு லீவு."

தம்பி என் காதில், "அக்கா, பேனரைக் கழட்டிரலாமா?" என்றான். கழற்றவில்லை. படம் எடுத்து முடித்த பிறகுதான் கழற்றினோம். அந்தப் படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. அவள் தலைக்கு நேர் மேலே அந்த வார்த்தை.

அன்றைக்குச் சாயங்காலம் தராமுவிடம் கேட்டேன். இருபத்திரண்டு பேரில் அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லாதவர்கள் நாலு. மற்றவர்களுக்கு யாராவது ஒருவர் இருக்கிறார்கள். மே சாட்டில் வேலை, அல்லது அக்கரையில் கிராமத்தில். கிராமத்தில் பள்ளிக்கூடம் இல்லை, சண்டை வந்தால் காட்டுக்குள் ஓட வேண்டும், அதனால் பிள்ளையை இங்கே விட்டிருக்கிறார்கள். "நான் உங்களிடம் அனாதை என்று சொல்லவில்லையே, பிள்ளைகள் என்றுதானே எழுதினேன்" என்றார். உண்மை. அனாதை என்று எழுதினால்தான் நிதி சேரும் என்று முடிவு செய்தது எங்கள் பக்கம்.

இது அந்த எல்லையோடு முடிகிற கதை இல்லை. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் நடுவே இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது; அவற்றில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குப் பெற்றவரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். இல்லம் பெருகியதற்குக் காரணம் அனாதைகள் பெருகியது இல்லை, பார்க்க வருகிறவர்கள் பெருகியது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை என்று அங்கே விளம்பரப் பலகை வைக்க வேண்டி வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இதைப் பேசியது. கரேன் எல்லையில் நிலைமை வேறு. அங்கே போர் நிஜம், பிள்ளைக்குப் படுக்க இடம் வேண்டும் என்பதும் நிஜம். அதனால்தான் அங்கே எதைக் கட்டுகிறோம் என்று இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து மூன்று மாதம் கழித்துத்தான், நாங்கள் போன அதே எல்லையோரத்தில் நோ போ என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். ஆபீஸ் போகிற ரயிலில் நின்றபடி. ஒலெ யோர்கன் எட்னா என்ற நார்வேக்காரர் 2006-ல் அங்கே கரேன் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கியிருக்கிறார். முதலில் 24 பிள்ளைகள். பிறகு ஐம்பது பேருக்குக் கிட்ட இடம் தேவைப்பட, ட்ரோன்ட்ஹைமில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் கேட்டார். டீன் என்ற பெயரில் சேர்ந்திருந்த அந்தப் பிள்ளைகள் 2008-09-ல் வந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆறு தூங்கும் வீடுகள் கட்டினார்கள்.

அந்த வரைபடங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன். பழைய டயருக்குள் கான்கிரீட் ஊற்றி அஸ்திவாரம்; வீடு தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்கிறது, ஓதம் ஏறாது. இரும்பு மாதிரிக் கடினமான உள்ளூர் மரத்தில் சட்டம், ஆணி அடிக்காமல் போல்ட் போட்டு முடுக்கியது. பக்கச் சுவரும் பின்சுவரும் மூங்கில் பின்னல், அந்த ஊர் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற பின்னல். மூங்கில் சில கிலோமீட்டருக்குள் வெட்டியது. கூரை இரண்டு பக்கமும் மேல்நோக்கி விரிந்து, நடுவில் பள்ளம். காற்று நன்றாகப் புகும், பள்ளத்தில் இறங்குகிற மழைத்தண்ணீரைக் கோடைக்குப் பிடித்து வைக்கலாம். வேலை செய்த கரேன் ஆட்களே பெயர் வைத்துவிட்டார்கள்: சோ கெர் தீ, வண்ணத்துப்பூச்சி வீடு.

எஞ்சினியர் புத்திக்கு அந்தக் கூரை கொஞ்சம் உதைக்கத்தான் செய்தது. தண்ணீரை வெளியே தள்ளாமல் நடுவில் சேர்க்கிற கூரை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளத்தில் இலை அடைத்தால் தீர்ந்தது. மூங்கிலும் அப்படித்தான். அதில் இருக்கிற மாவுச்சத்துக்காக வண்டு துளைத்து, மாவாக உதிர்ந்து உளுத்துப் போகும்; போராக்ஸ் கரைசலில் ஊறப்போட வேண்டும், நனையாமல் காக்க வேண்டும். பிள்ளைக்குத் தனியிடம் வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. எங்கள் பையன்கள் மூலையில் குவிந்து தூங்கியதைப் பார்த்தவள் என்பதால் அதைப் படித்ததும் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அவர்கள் ஆறு மாதம் இருந்தார்கள். நாங்கள் பன்னிரண்டு நாள். ஆறு மாதம் இருந்தவனுக்கு மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தூண் சாய்ந்தால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் அந்த ஊரிலேயே இருப்பான், ஏனென்றால் முதலில் அதை நட்டதும் அவன்தான். அந்த வட்டாரத்திலேயே லீனே ராம்ஸ்டாட் என்ற நார்வேக்காரப் பெண் தங்கிப்போய், கரேன் ஆட்களை வைத்து 'ஜோ ஜோ' என்ற பெயரில் பள்ளிகளும் விடுதிகளும் கட்டினார். அந்தப் பெயருக்குக் கரேனில் மெதுமெதுவாக என்று பொருளாம். இரண்டு வாரப் பயணத்துக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். முகாமுக்குள் நிரந்தரக் கட்டடம் கட்ட தாய்லாந்து அரசு விட்டதில்லை. மூங்கில், யூகலிப்டஸ் கம்பு, இலை, இவ்வளவுதான். அதன் ஆபத்தும் தெரிந்ததே. நாங்கள் போவதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 2013-ல், மே ஹாங் சோன் மாகாணத்தின் மே சூரின் முகாமில் இலைக்கூரைகள் தீப்பிடித்து 37 பேர் செத்துப்போனார்கள். முகாமுக்கு வெளியே கட்டுகிறவர்களுக்கும் நிலம் சொந்தமில்லை. எல்லாம் குத்தகை. இன்றைக்கு இருக்கிற இடம் நாளைக்கு இல்லாமல் போகலாம். மே சாட்டில் டாக்டர் சிந்தியா மாங் பர்மாவிலிருந்து வருகிறவர்களுக்காக 1989-ல் தொடங்கிய மே தாவ் கிளினிக்கின் சி.டி.சி. பள்ளியில் 2012-ல் கட்டிய விடுதிகளைப் பிறகு பார்த்தேன். பழைய மரம், மூங்கில், இலைக்கூரை. வேண்டுமென்றால் கழற்றி எடுத்துப் போகலாம், மரத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம். நாங்களோ குத்தகை நிலத்தில் ஹாலோ பிளாக்கில் அசையாச் சொத்து கட்டிக் கொடுத்திருந்தோம். யாருக்கு? நிலத்துக்காரருக்கு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 700 சிங்கப்பூர் வெள்ளி, பதினான்கு பேருக்கு 9,800. விமானம், பஸ், தங்குமிடம், இன்சூரன்ஸ், ஒரே நிற டீ-ஷர்ட். அன்றைய மதிப்பில் சுமார் 2,40,000 பாட். 2013 ஜனவரியிலிருந்து தாய்லாந்தில் சட்டப்படி நாள்கூலி 300 பாட். பர்மாக்காரருக்கு அதுவும் பல இடங்களில் கிடைக்காது. 300 என்றே வைத்தாலும் எங்கள் மொத்தப் பயணச் செலவு மட்டும் அங்கே வேலை செய்கிற ஒரு ஆளுக்கு 800 நாள் கூலி. இதைக் குழுவில் சொன்னபோது ஒருத்தர், "அப்படிப் பார்த்தா யாருமே எங்கேயும் போக முடியாது" என்றார். நியாயம்தான். அங்கே போகாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கையே நான் போட்டிருக்க மாட்டேன். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

2018-ல் தனியாகப் போனேன். மேற்குச் சுவர் முழுக்க மேஸ்திரி மூங்கில் கால் நட்டு, ஐந்தடிக்குப் பழைய ஷீட்டும் இலையுமாகத் தாழ்வாரம் இறக்கியிருந்தார். எங்கள் கூரையை விட அது அழகாக இருந்தது. தரைக்கு ஒரு அடி மேலே இரண்டு பிளாக்கைத் தட்டி எடுத்து, கம்பி வலை அடித்துச் சின்னச் சின்னக் காற்றோட்டம் வைத்திருந்தார். கட்டில்களைக் கழற்றி, பலகையை எழுதுகிற மேஜையாகவும் அடுப்படி அலமாரியாகவும் மாற்றியிருந்தார்கள். நிலத்துக்காரர், கட்டடம் நன்றாக இருக்கிறதே என்று குத்தகையை ஏற்றிவிட்டாராம்.

மேஸ்திரி என்னை அடையாளம் கண்டுகொண்டு, தாழ்வாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க யாரும் இல்லை. நான் மேற்கே கையைக் காட்டி, மழை வருவது போல விரலை ஆட்டினேன். அதே சிரிப்பு.

பிறகு இல்லத்தை நடத்துகிற தராமுவிடம், "இப்போ என்ன வேணும்?" என்று கேட்டேன். இரண்டு சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. சமையல்காரம்மாவுக்குச் சம்பளம். மூடியை அன்றைக்கே மே சாட் கடைத்தெருவில் வாங்கி, சோங்தாவ் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சம்பளத்துக்கு எங்கள் குழுவில் ஒப்புதல் கிடைக்கவில்லை. அடுத்த திட்டமாக நூலகம் கட்டலாம் என்றார்கள். சமையல்காரம்மாவின் சம்பளத்துக்குத் திறப்பு விழா வைக்க முடியாது, அதுதான் விஷயம். பேனரைக் கழட்டிரலாமா என்று கேட்ட அந்தத் தம்பியும் நானும் இன்னும் இரண்டு பேரும் மாதம் பிரித்துப் போட்டு அனுப்புகிறோம்.

2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டிசம்பரில் லே கே கோ பக்கம் சண்டை மூண்டு, ஆயிரக்கணக்கில் சனங்கள் மோய் ஆற்றைத் தாண்டி வந்தார்கள். தராமுவிடமிருந்து போனில் 'லைன்' செயலியில் செய்தி வந்தது. பிள்ளைகள் இப்போது 41 பேர். அரிசி போதும், பாய் போதாது. கீழே ஒரு படம். நான் எடுத்து வைத்திருக்கிற படங்களைப் போல யாரும் அதில் வரிசையாக நிற்கவில்லை. மழை நாள் போலிருக்கிறது, மேற்குத் தாழ்வாரத்தை ஓரத்திலிருந்து எடுத்திருக்கிறார். சுவரோரம் செருப்புகள், நனையாமல். எண்ணினேன். முப்பத்தேழு ஜோடி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் படத்தில் இல்லை.